உழைப்பாளர் கட்சி, காமன்வீல் கட்சி: 1952-ல் 25 இடம், 1957-ல் பெயரே இல்லை. நடுவில் நடந்தது என்ன?

கெடிலக்கரை (கேள்வி)

வணக்கம். 1952 சென்னை மாகாணச் சட்டமன்றத் தேர்தல் முடிவில் தமிழ்நாடு உழைப்பாளர் கட்சிக்கு 19 இடம், காமன்வீல் கட்சிக்கு 6 இடம். 1957 பட்டியலை எடுத்தால் இரண்டும் இல்லை. எந்தக் கட்டுரையைப் பார்த்தாலும் "பின்னர் காங்கிரசில் இணைந்தன" என்று ஒரே வரியில் கதையை முடித்துவிடுகிறார்கள்.

எனக்குத் தெரிய வேண்டியவை: தொடங்கிய வேகத்தில் 19 இடம் வாங்கியது எப்படி? வன்னியர் என்ற ஒரே சமூகத்தின் ஆதரவில் நின்ற இரண்டு கட்சிகளும் ஏன் ஒன்றாகவில்லை? காங்கிரசில் "இணைந்தன" என்றால் நடைமுறையில் என்ன, தீர்மானமா, கடிதமா, சபையில் இருக்கை மாறியதா? இன்றைய சட்டப்படி அதே காரியத்தைச் செய்ய முடியுமா?

சாதிப் பெருமை, சாதி வசவு இரண்டும் வேண்டாம். நடந்ததை மட்டும் சொல்லுங்கள்.

வாக்குப்பெட்டி

முதல் கேள்விக்கு மட்டும் இப்போது பதில். மற்றதற்கு விஷயம் தெரிந்தவர்கள் வருவார்கள்.

கட்சி 1951-ல் பிறந்தது என்பது பெயர்ப்பலகைக் கணக்கு. அதன் கீழே இருந்த அமைப்பு வன்னியகுல க்ஷத்திரிய சங்கம். அது பத்தொன்பதாம் நூற்றாண்டின் கடைசியிலிருந்தே இருக்கிறது. கிளை, மாநாடு, ஊர்த் தலைக்கட்டு என்று எல்லாம் தயார். தேர்தலில் இறங்கிப் பார்த்ததும் 1951-ல் அல்ல. 1949-ல் தென் ஆற்காடு ஜில்லா போர்டு தேர்தலில் சங்கத்து ஆட்கள் காங்கிரசை நம்பாமல் தனியாக நின்று 52 இடங்களில் 22 பிடித்தார்கள். அந்த ஒத்திகைதான் பிறகு உழைப்பாளர் கட்சித் தலைவரான எஸ்.எஸ்.இராமசாமி படையாட்சியாரை முன்னுக்குக் கொண்டுவந்தது. 1918-ல் பிறந்தவர், பொதுத்தேர்தல் வந்தபோது வயது முப்பத்துமூன்று.

அடுத்தது பூகோளம். மாகாணம் முழுக்க எடுத்தால் வன்னியர் பத்தில் ஒரு பங்கு. ஆனால் தென் ஆற்காடு, வட ஆற்காடு, செங்கற்பட்டு, சேலம் என்ற நான்கு மாவட்டங்களில் நாலில் ஒரு பங்குக்கு மேல். ஒரு தொகுதியில் நாலைந்து பேர் நின்று வாக்கு சிதறும்போது, நாலில் ஒரு பங்கு ஒரே பக்கம் விழுந்தால் ஜெயிக்க அதுவே போதும். மக்களவைக் கணக்கைப் பாருங்கள்: அந்த ஆண்டு சோசலிஸ்ட் கட்சி நாடு முழுவதும் 10.59 விழுக்காடு வாக்கு வாங்கி 12 இடம் பெற்றது. உழைப்பாளர் கட்சி ஒரு விழுக்காடுகூட வாங்கவில்லை, ஆனால் 4 இடம். கடலூர், பெரம்பலூர், திண்டிவனத்தில் இரண்டு.

"திண்டிவனத்தில் இரண்டு" என்பதைக் கவனியுங்கள், அங்கேதான் கட்சியின் பெயருக்கான அர்த்தம் இருக்கிறது. 1952-ல் இரட்டை உறுப்பினர் தொகுதிகள் உண்டு. சென்னை சட்டமன்றத்தின் 375 இடங்கள் 309 தொகுதிகளிலிருந்து வந்தன. 243 ஒற்றை, 66 இரட்டை. இரட்டைத் தொகுதியில் ஒரு பொது இடம், ஒரு தனி (ஒதுக்கீட்டு) இடம். வாக்காளருக்கு இரண்டு வாக்கு. இரண்டையும் ஒரே ஆளுக்குப் போட்டால் ஒன்றுதான் செல்லும், மற்றது செல்லாது. அன்றைக்கு முத்திரை குத்தும் முறை கிடையாது. வேட்பாளருக்கு ஒரு பெட்டி, பெட்டிமேல் சின்னம் ஒட்டியிருக்கும், சீட்டைப் பெட்டியில் போட வேண்டும். ஆகவே ஒவ்வொரு வாக்காளர் கையிலும் ஒரு இரண்டாவது சீட்டு மிச்சம் இருக்கும். அதை யாருக்குப் போடுவது? சொந்தக் கட்சியில் ஆதிதிராவிட வேட்பாளர் ஒருவர் இல்லையென்றால் அந்தச் சீட்டு நேராக மாட்டுப் பெட்டிக்கு, அதாவது காங்கிரசின் இரட்டைக் காளைக்குப் போய்விடும்.

சாதிச் சங்கத்தின் பெயரிலேயே நின்றிருந்தால் சேரி வாக்கு ஒன்றுகூட வந்திருக்காது. "உழைப்பாளர்" என்று பெயர் வைத்தால்தான் இரண்டு தெருவிலும் ஒரே மேடை போட முடியும். பெயருக்குப் பின்னால் கொள்கையும் கொஞ்சம் இருந்திருக்கலாம். கணக்கு நிச்சயமாக இருந்தது.

இரட்டைத் தொகுதியில் எண்ணும் முறையும் வேறு. முதலில், தாழ்த்தப்பட்ட வகுப்பு வேட்பாளர்களில் அதிக வாக்கு வாங்கியவரைத் தனி இடத்துக்கு அறிவிப்பார்கள். பிறகு மீதி எல்லோரிலும் அதிக வாக்கு வாங்கியவர் பொது இடத்துக்கு. இதனால் சில இடங்களில் இரண்டு இடமும் ஒதுக்கீட்டுப் பிரிவினருக்கே போனதுண்டு. 1957-ல் பார்வதிபுரத்தில் வி.வி.கிரி அப்படித்தான் தோற்று உச்ச நீதிமன்றம் வரை போனார். 1961-ல் இந்த முறையையே ஒழித்துவிட்டார்கள்.

இன்னொரு காரணம் தி.மு.க. 1952-ல் அவர்கள் போட்டியிடவில்லை. திராவிட நாடு கோரிக்கையைச் சட்டமன்றத்தில் ஆதரிப்பதாகக் கையெழுத்துப் போட்டுத் தருபவர்களுக்கு ஆதரவு என்று அறிவித்தார்கள். உழைப்பாளர், காமன்வீல் இரண்டு கட்சிகளுக்கும் அந்த ஆதரவு கிடைத்தது. பேச்சாளரும் மேடையும் அவர்களுடையது, வேட்பாளர் இவர்களுடையவர்.

பாலாறு வடகரை

இரண்டு கட்சியாக நின்றதற்குக் கொள்கைக் காரணம் தேடாதீர்கள், கிடைக்காது. வரைபடத்தைப் பாருங்கள். படையாட்சியாருக்குத் தென் ஆற்காடும் சேலமும். காமன்வீல் தலைவர் எம்.ஏ.மாணிக்கவேலு நாயக்கருக்கு வட ஆற்காடும் செங்கற்பட்டும். நாலு மாவட்டத்துக்கும் சேர்த்து ஒரே அரசியல் அமைப்பு வேண்டும் என்று 1951-ல் பெரிய மாநாடு கூட்டிப் பேசினார்கள். ஆனால் வேட்பாளர் யார் என்று முடிவு செய்யும் அதிகாரத்தைத் தன் மாவட்டத்துக்கு வெளியே இருப்பவரிடம் கொடுக்க இரண்டு பக்கமும் தயாராக இல்லை. தெற்கே படையாட்சி, வடக்கே நாயக்கர் என்று பட்டப்பெயர்கூட வேறு. சங்க மேடையில் ஒன்றாக உட்கார அது தடையில்லை, டிக்கெட் கொடுக்கும்போது தடை.

ஆளும் வேறு மாதிரி. நாயக்கர் வழக்கறிஞர் வட்டத்து மனிதர், பேரம் பேசத் தெரிந்தவர். காமன்வீலின் மூன்று எம்.பி.க்கள் காஞ்சிபுரம், வந்தவாசி, வேலூர் தொகுதிகளிலிருந்து போனார்கள். அதில் காஞ்சிபுரம் எம்.பி. டாக்டர் ஏ.கிருஷ்ணசாமி, சர் ஏ.ராமசாமி முதலியாரின் மகன். அதாவது காமன்வீல் முழுக்க முழுக்க ஒரு சாதிக் கட்சி என்று எழுதுவதும் சரியில்லை. பழைய நீதிக்கட்சிக் குடும்பமும் உள்ளே இருந்தது.

இப்போது 1952 கணக்கு. 375-ல் காங்கிரஸ் 152. பெரும்பான்மைக்கு 188 வேண்டும், 36 குறைகிறது. மற்றவர்கள்: கம்யூனிஸ்ட் 62, சுயேச்சை 62, கிசான் மஸ்தூர் பிரஜா 35, உழைப்பாளர் 19, கிருஷிகார் லோக் 15, சோசலிஸ்ட் 13, காமன்வீல் 6, முஸ்லிம் லீக் 5, பார்வர்டு பிளாக் 3, ஷெட்யூல்டு காஸ்ட் பெடரேஷன் 2, நீதிக்கட்சி 1. தேர்தலில் தானே தோற்றுப்போயிருந்த டி.பிரகாசம் ஐக்கிய ஜனநாயக முன்னணி என்று ஒன்றைக் கட்டி, 166 பேர் கையில் இருக்கிறார்கள் என்றார். அதைச் சமாளிக்கத்தான் ராஜாஜியை அழைத்து வந்தார்கள். அவர் எந்தத் தொகுதியிலும் நிற்கவில்லை; ஆளுநர் ஸ்ரீபிரகாசா மேலவைக்கு நியமித்தார், 1952 ஏப்ரல் 10-ல் முதல்வர். ஜூலை 3-ல் நம்பிக்கை வாக்கெடுப்பு: 200 ஆதரவு, 151 எதிர்ப்பு.

152 எப்படி 200 ஆனது என்பதில்தான் காமன்வீல் வருகிறது. ஆறு பேரை வைத்துக்கொண்டு நாயக்கர் உடனே பக்கம் மாறி வருவாய்த்துறை அமைச்சரானார். ஆறே பேர்தான், ஆனால் எல்லோருக்கும் முன்னால் வந்த ஆறு பேர். கடைசியில் வரும் இருபது பேரைவிட முதலில் வரும் ஆறு பேருக்குச் சந்தையில் விலை அதிகம். நாயக்கர் அதைப் புரிந்துகொண்டவர்.

அவருக்குக் கிடைத்த இலாகாவும் சாதாரணமானது அல்ல. வட ஆற்காடு மானாவாரி பூமி, ஏரிப் பாசனம். ஏரி நிரம்பாத வருஷத்தில் கிஸ்தி (நிலவரி) தள்ளுபடி யாருக்கு, எந்தப் பிர்க்காவுக்கு (வருவாய் வட்டத்துக்கு), பட்டா மாற்றம் எப்போது என்று எல்லாமே வருவாய்த்துறை. விவசாயச் சாதியின் தலைவருக்கு இதைவிடத் தோதான நாற்காலி கிடையாது.

கெடிலக்கரை

நன்றி ஐயா. அப்படியானால் 19 பேர் வைத்திருந்தவர் ஏன் இரண்டு வருஷம் வெளியே நின்றார்? வட ஆற்காட்டுக்காரர் மந்திரி ஆனதைப் பார்த்துக்கொண்டே இருந்தாரா?

வாக்குப்பெட்டி

19 என்ற எண் உள்ளே வருவதற்குத் தோதான எண் அல்ல என்பது என் கணிப்பு. ஆறு பேருக்கு ஒரு மந்திரி பதவி என்றால் 19 பேர் மூன்று கேட்பார்கள். ராஜாஜிக்கு அந்த விலையைக் கொடுக்கும் அவசியம் இல்லை. சுயேச்சைகளிலும் கிருஷிகார் லோக்கிலும் சில்லறையாக வாங்கியே 200 வந்துவிட்டது. உழைப்பாளர் கட்சி அமைச்சரவைக்கு வெளியேதான் நின்றது.

நிலைமையை மாற்றியது மூன்று சம்பவம்.

1953 அக்டோபர் 1-ல் ஆந்திரம் பிரிந்தது. 140 உறுப்பினர்கள் அந்தப் பக்கம் போனார்கள். கம்யூனிஸ்டுகளின் பெரும்பகுதியும் பிரகாசத்தின் ஆட்களும் அவர்களோடு போனார்கள். சபை சுருங்கியதும் அதே 19 பேர் இருபதில் ஒரு பங்காக இருந்தவர்கள் பன்னிரண்டில் ஒரு பங்கானார்கள். ஒரு ஆள்கூடக் கூடாமல் எடை கூடியது.

அதே ஆண்டு, பள்ளி நேரத்தைக் குறைத்து மீதி நேரத்தில் பிள்ளைகள் பெற்றோர் தொழிலைக் கற்கட்டும் என்று ராஜாஜி கொண்டுவந்த குலக்கல்வித் திட்டம். ராஜாஜியோடு நெருங்கியிருப்பது பிற்படுத்தப்பட்ட சமூகத் தலைவர் யாருக்கும் லாபமாக இல்லாத காலம். வெளியே நின்றவருக்கு அது நல்லதாகவே போயிற்று.

பிறகு 1954 மார்ச் 30. காங்கிரஸ் சட்டமன்றக் கட்சித் தலைவர் தேர்தலில் காமராஜர் 93, சி.சுப்பிரமணியம் 41. காமராஜருக்கு வேண்டியது இரண்டு: கட்சிக்குள் தோற்ற 41-ஐ அணைத்துக்கொள்வது, கட்சிக்கு வெளியே இருந்து 41-க்கு ஈடு தேடி வைப்பது. சுப்பிரமணியத்தையும் பக்தவத்சலத்தையும் அமைச்சரவையில் வைத்துக்கொண்டு முதலாவதைச் செய்தார். படையாட்சியாரை அழைத்து இரண்டாவதைச் செய்தார். ஏப்ரல் 13-ல் பதவியேற்ற அமைச்சரவையில் மொத்தம் எட்டே பேர்: காமராஜர், ஏ.பி.ஷெட்டி, பக்தவத்சலம், சுப்பிரமணியம், மாணிக்கவேலு நாயக்கர், சண்முக ராஜேஸ்வர சேதுபதி, பி.பரமேஸ்வரன், இராமசாமி படையாட்சியார். எட்டில் இருவர் இந்தத் திரியில் நாம் பேசும் இரண்டு கட்சிகளின் தலைவர்கள்.

படையாட்சியாருக்கு உள்ளாட்சித் துறை. 1949-ல் எந்த ஜில்லா போர்டில் 22 இடம் பிடித்தார்களோ, அந்த ஜில்லா போர்டுகளையும் நகராட்சிகளையும் மேய்க்கும் துறை. சாலை, பள்ளிக்கூடம், சந்தை ஏலம், போர்டு உத்தியோகம் எல்லாம் அதன் கீழ். ஊரில் இருக்கும் கட்சிக்காரனுக்கு மாகாண மந்திரியைவிட ஜில்லா போர்டு எஞ்சினியர்தான் முக்கியம். அந்த எஞ்சினியர் இப்போது யார் சொன்னால் கேட்பார் என்பது எல்லோருக்கும் தெரிந்துவிட்டது. கட்சி கலைந்தபோது ஊர்க்கிளைகளில் பெரிய கலகம் எழாததற்கு என் பார்வையில் இதுதான் காரணம்.

உங்கள் மூன்றாவது கேள்வி, தீர்மானமா கடிதமா என்பது. 1954-ல் சட்டம் எதையும் கேட்கவில்லை. தலைவர் கட்சியைக் கலைத்ததாக அறிவித்தார். உறுப்பினர்கள் காங்கிரஸ் சட்டமன்றக் கட்சியில் சேர்ந்துகொண்டார்கள், ஆளுங்கட்சி வரிசையில் உட்கார்ந்தார்கள். எத்தனை பேர் வந்தால் செல்லும் என்ற கணக்கு கிடையாது, வராதவர் பதவி போகும் என்ற பயமும் கிடையாது. அதனால் "இணைந்தது" என்பதைவிட "கலைந்து, ஆட்கள் போய்ச் சேர்ந்தார்கள்" என்பதே பொருத்தமான வர்ணனை.

பத்தாம் அட்டவணை

கடைசிக் கேள்விக்கு நான் வருகிறேன். இன்று செய்தால் இரண்டு தனித்தனி வாசல் தாண்ட வேண்டும். ஒன்று சபாநாயகர், இன்னொன்று தேர்தல் ஆணையம். ஒன்றின் அனுமதி மற்றொன்றைக் கட்டுப்படுத்தாது. பலர் குழம்புவது இங்கேதான்.

சபாநாயகர் பக்கம்: அரசியல் சட்டத்தின் பத்தாம் அட்டவணை, அதாவது கட்சித் தாவல் தடைச் சட்டம், 1985-ல் 52-வது திருத்தத்தில் வந்தது. முதலில் மூன்றில் ஒரு பங்கு உறுப்பினர் பிரிந்தால் "பிளவு" என்று தப்பிக்க வழி இருந்தது. 2003-ல் 91-வது திருத்தம் அதை எடுத்துவிட்டது. இப்போது மிச்சம் இருப்பது நான்காம் பத்தி: மூலக்கட்சி (உறுப்பினர்களை நிறுத்திய கட்சி) வேறு கட்சியுடன் இணைய வேண்டும், சட்டமன்றக் கட்சியில் மூன்றில் இரண்டு பங்குக்குக் குறையாதவர்கள் அதை ஏற்க வேண்டும். 19 பேருக்கு இது 12.67, ஆகவே 13 பேர். காமன்வீலின் 6 பேருக்கு 4. பின்னத்தை மேலேதான் ஏற்ற வேண்டும். 12 பேர் வந்தால் 12 பேரும் பதவி இழப்பார்கள். இணைய மறுப்பவர்கள் பதவி இழக்க மாட்டார்கள், தனிக்குழுவாகத் தொடரலாம்.

இங்கே ஒரு பெரிய தகராறு உண்டு. கட்சி முதலில் இணைந்து அதை உறுப்பினர்கள் ஏற்க வேண்டுமா, அல்லது மூன்றில் இரண்டு பங்கு உறுப்பினர் ஒப்புக்கொண்டாலே கட்சி இணைந்ததாகக் கொள்ளலாமா? 2019-ல் கோவாவில் காங்கிரசின் 15 பேரில் 10 பேர் பா.ஜ.க.வில் சேர்ந்தபோது கட்சித் தலைமை எந்தத் தீர்மானமும் போடவில்லை. பம்பாய் உயர் நீதிமன்றம் 2022-ல் உறுப்பினர்கள் பக்கம் தீர்ப்புச் சொன்னது. அதே 2019-ல் தெலங்கானாவில் 18-ல் 12 காங்கிரஸ் எம்.எல்.ஏ.க்கள் டி.ஆர்.எஸ்.ஸுக்கும், ராஜஸ்தானில் பகுஜன் சமாஜின் ஆறு பேரும் காங்கிரசுக்கும் போனார்கள். மூன்றிலும் கட்சி இருந்த இடத்திலேயே இருக்கிறது, உறுப்பினர்கள்தான் "இணைந்தார்கள்".

சுயேச்சைகளுக்கு இந்த வாசலே கிடையாது. தேர்தலுக்குப் பிறகு எந்தக் கட்சியில் சேர்ந்தாலும் இரண்டாம் பத்திப்படி பதவி போகும். 1952-ன் 62 சுயேச்சைகளிலிருந்து ஆள் எடுத்த வேலை இன்று நடக்காது. வெளியிலிருந்து ஆதரவுக் கடிதம் வாங்குவதோடு நிறுத்திக்கொள்வார்கள். இன்னொன்று, 91-வது திருத்தத்தால் அமைச்சர்கள் எண்ணிக்கை சபையின் பலத்தில் 15 விழுக்காட்டைத் தாண்டக்கூடாது. 234 பேர் சபைக்கு 35. எட்டுப் பேரோடு ஆட்சி நடத்தியவருக்கு இந்த வரம்பு உறைத்திருக்காது.

ஆணையம் பக்கம்: 1968 சின்னங்கள் ஆணையின் 16-ம் பத்தி. அங்கீகாரம் பெற்ற கட்சி ஒன்றாவது உள்ள இரண்டு மூன்று கட்சிகள் சேர்ந்து புதுக்கட்சி ஆனால் அதற்கு அங்கீகாரம் உண்டா, எந்தச் சின்னம் என்று ஆணையம் விசாரித்து முடிவு சொல்லும். சிறிய கட்சி பெரிய கட்சிக்குள் கரைவது இதைவிட எளிது. நடைமுறை இப்படி இருக்கும்:

முதலில் கட்சியின் சொந்த விதிகளைப் படிக்க வேண்டும். கலைக்கவோ இணைக்கவோ எந்த அவைக்கு அதிகாரம், எத்தனை நாள் முன்னறிவிப்பு, எவ்வளவு பெரும்பான்மை என்று அதில் இருக்கும். பொதுக்குழுவைக் கூட்ட வேண்டிய இடத்தில் செயற்குழு மட்டும் தீர்மானம் போட்டால் பிறகு யாரோ ஒரு மாவட்டச் செயலாளர் வழக்குப் போட அதுவே போதும். தீர்மானம், வருகைப் பதிவேடு, சேரும் கட்சியின் ஏற்புத் தீர்மானம் மூன்றும் ஆணையத்துக்குப் போக வேண்டும். மக்கள் பிரதிநிதித்துவச் சட்டத்தின் 29ஏ பிரிவுப்படி நிர்வாகிகள், முகவரி, பெயர் எது மாறினாலும் தாமதமின்றித் தெரிவிக்கும் கடமை இருக்கிறது. வங்கிக் கணக்கு, கட்டடம், வருமானவரிக் கணக்கு என்று சொத்து விவகாரத்தை இணைப்பு நாளுக்கு முன்பே எழுத்தில் முடிப்பது நல்லது. பதவி பங்கீட்டைவிட மாவட்ட அலுவலகக் கட்டடம் யார் பெயரில் இருக்கிறது என்பதில்தான் பல இணைப்புகள் மாட்டிக்கொள்கின்றன.

கோதாவரி எக்ஸ்பிரஸ்

ஐயா சொன்ன இரண்டு வாசலையும் முறையாகத் தாண்டிய பிறகும் என்ன கோளாறு வரும் என்பதற்குப் பக்கத்து மாநிலமே சாட்சி. பிரஜா ராஜ்யம் கட்சி. 2008 ஆகஸ்ட் 26-ல் திருப்பதியில் சிரஞ்சீவி தொடங்கினார். 2009-ல் ஆந்திர சட்டமன்றத்தின் 294 இடங்களில் 18. உழைப்பாளர் கட்சிக்கு ஒன்று குறைவு. 2011 பிப்ரவரியில் காங்கிரசோடு இணைப்பு அறிவிப்பு.

அறிவிப்பு வந்ததும் வேலை முடிந்துவிடவில்லை. பிரஜா ராஜ்யம் தரப்புக்கு மாநில அமைச்சரவையில் இரண்டு இடம் கிடைக்க 2012 ஜனவரி ஆயிற்று. சிரஞ்சீவி மாநிலங்களவைக்குப் போய் மத்தியில் சுற்றுலா அமைச்சரானது 2012 அக்டோபரில். இடைப்பட்ட காலத்தில் கீழே இருந்தவனுக்குப் பழைய கொடியும் இல்லை, புதிய வீட்டில் நாற்காலியும் இல்லை.

சபையில் நடந்ததைப் பாருங்கள். ஆள்ளகட்டா எம்.எல்.ஏ. ஷோபா நாகிரெட்டி இணைப்பை ஏற்காமல் ஒய்.எஸ்.ஆர். காங்கிரஸ் தலைவர் ஜெகன் பக்கம் போனார். 2011 டிசம்பரில் நம்பிக்கையில்லாத் தீர்மானத்தில் கொறடா உத்தரவை மீறியதற்காக காங்கிரசின் 16 பேரோடு அவரும் தகுதி நீக்கம். சிரஞ்சீவி மாநிலங்களவை போனதால் திருப்பதி காலி. மொத்தம் 18 தொகுதிக்கு 2012 ஜூனில் இடைத்தேர்தல். ஒய்.எஸ்.ஆர். காங்கிரஸ் 15, காங்கிரஸ் 2, டி.ஆர்.எஸ். 1. கட்சி பிறந்த ஊரான திருப்பதியையே ஜெகன் கட்சி எடுத்துக்கொண்டது. எம்.எல்.ஏ.க்கள் வந்தார்கள், வாக்கு வரவில்லை.

1954-ல் படையாட்சியார் மூன்று ஆண்டு தேர்தல் இல்லாத நேரத்தில் உள்ளே போனார். கையில் துறை, போதுமான அவகாசம். சிரஞ்சீவிக்கு அந்த அவகாசம் கிடைக்கவில்லை. இணைப்புக்கும் முதல் தேர்தலுக்கும் நடுவே எவ்வளவு காலம் என்பதைத்தான் நான் முதலில் பார்ப்பேன்.

தோழர் மணிமுத்தாறு

எல்லாம் சரி, ஆனால் ஏன் இத்தனை மென்மையாகப் பேசுகிறீர்கள்? திராவிட நாட்டுக்குக் கையெழுத்துப் போட்டு ஓட்டு வாங்கினார்கள், ஒருவர் இரண்டு மாதத்தில், மற்றவர் இரண்டு வருஷத்தில் காங்கிரஸ் மந்திரி. இதற்கு "இணைப்பு" என்ற கௌரவமான பெயர் எதற்கு?

பாலாறு வடகரை

தோழர், கோபம் நியாயம்தான். அந்தப் பாடத்தை உங்களுக்கு முன்னால் படித்தவர்கள் தி.மு.க.வினரே. அடுத்தவர் வேட்பாளருக்கு மேடை போட்டால், ஜெயித்த மறுநாள் அவர் தனக்குத் தோன்றிய பக்கம் போவார், கையெழுத்தை வைத்துக்கொண்டு எந்த நீதிமன்றத்துக்கும் போக முடியாது. 1956 திருச்சி மாநாட்டில் தேர்தலில் நிற்பதென்று முடிவெடுத்து, 1957-ல் தாங்களே நின்று 15 இடம் வாங்கினார்கள்.

ஆனால் வாக்களித்தவன் பக்கமிருந்து பாருங்கள். அவன் திராவிட நாட்டுக்காக அந்தப் பெட்டியில் சீட்டைப் போடவில்லை. ஜில்லா போர்டிலும் தாலுகா கச்சேரியிலும் தன் ஆள் இல்லை என்பதே அவன் குறை. அந்தக் குறை அளவில் இரண்டு மந்திரிகளும் அவனை ஏமாற்றவில்லை. குறை தீர்ந்த பிறகு கட்சியைக் கட்டிக் காக்க அவனுக்குக் காரணம் இல்லை. பத்தே ஆண்டில் காரணம் மறுபடி வந்தது என்பது வேறு கதை.

வாக்குப்பெட்டி

அந்த வேறு கதையையும் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். 1962 தேர்தலையொட்டிப் படையாட்சியார் காங்கிரசை விட்டு வந்து உழைப்பாளர் கட்சியை மறுபடி எழுப்பினார். பழைய பலம் திரும்பவில்லை. எட்டு ஆண்டில் ஊர்க்கிளைக்காரர்களில் ஒரு பகுதி காங்கிரசிலேயே வேர் விட்டிருந்தது, இளையவர்கள் தி.மு.க.வுக்குப் போயிருந்தார்கள். பின்னாளில் அவரே இந்திரா காங்கிரஸ் வேட்பாளராகத் திண்டிவனத்தில் 1980-லும் 1984-லும் மக்களவைக்குப் போனார். மாணிக்கவேலு நாயக்கர் அசையவில்லை. 1962 வரை அமைச்சர், 1964 முதல் 1970 வரை மேலவைத் தலைவர். டாக்டர் கிருஷ்ணசாமி மாணிக்கவேலுவின் பின்னால் போகவில்லை, 1957-ல் செங்கற்பட்டில் சுயேச்சையாக நின்று ஜெயித்தார். சட்டமன்றக் குழு ஒரு வழி, எம்.பி. வேறு வழி.

கெடிலக்கரை, 1957 பட்டியலோடு ஒப்பிடப் போகிறீர்கள் என்றால் சில எச்சரிக்கை. 1956-ல் மாநில எல்லையும் தொகுதி எல்லையும் மாறிவிட்டன. 375 இடத்துச் சபை 205 ஆகிவிட்டது, அதில் 38 தொகுதி இரட்டை. ஆகவே தொகுதிப் பெயரை வைத்துத் தேடாதீர்கள், ஆள் பெயரை வைத்துத் தேடுங்கள். ஆள் பெயரும் ஒரே மாதிரி இருக்காது. முன்னெழுத்து விரிந்தும் சுருங்கியும் வரும். படையாட்சி, நாயக்கர், கவுண்டர் என்ற பட்டம் ஒரு பட்டியலில் இருக்கும், அடுத்ததில் இருக்காது. தி.மு.க.வுக்கு 1957-ல் ஆணையத்தின் அங்கீகாரம் கிடையாது, அவர்கள் "சுயேச்சை" பத்தியில் இருப்பார்கள். பழைய உழைப்பாளர் கட்சிக்காரர் ஒருவர் சுயேச்சை என்று கண்ணில் பட்டால் எந்தச் சுயேச்சை என்று அன்றைய நாளிதழில் சரிபார்த்த பிறகே எழுதுங்கள்.

பத்தாம் அட்டவணை

ஒரு சேர்க்கை. 1962-ல் பழைய பெயரை மறுபடி எடுத்தது போல் இன்றும் நடக்கும். பதிவான கட்சியை ஆணையம் தன் இஷ்டத்துக்கு நீக்க முடியாது என்று உச்ச நீதிமன்றம் 2002-ல் சொன்னது. மோசடிப் பதிவு, கட்சியே அரசியல் சட்டத்தை ஏற்க மறுப்பது போன்ற சில விதிவிலக்குகள் மட்டும். தொடர்ந்து ஆறு ஆண்டு தேர்தலில் நிற்காத, முகவரியில் ஆளே இல்லாத கட்சிகளைப் பட்டியலிலிருந்து எடுக்கும் வேலையை ஆணையம் 2025-ல்தான் பெரிய அளவில் செய்தது. ஆகவே கரைந்துபோகும் கட்சியின் தலைவர், நிர்வாகிகள் பட்டியலையும் முத்திரையையும் ஒப்படைத்து, பதிவை நீக்கச் சொல்லி எழுதிக் கொடுக்காவிட்டால், பின்வாசலில் நிற்கும் எதிர்க்கோஷ்டி அதே பெயரில் வேட்புமனு போடும். புதுக்கட்சி என்றால் தொடங்கி 30 நாளுக்குள் விண்ணப்பம், 10,000 ரூபாய் கட்டணம், வாக்காளர்களான 100 உறுப்பினர்களின் பிரமாணப் பத்திரம், நாளிதழ் விளம்பரம், ஆட்சேபனைக்குக் காத்திருப்பு என்று எல்லாம் முதலிலிருந்து செய்ய வேண்டும். பழைய பெயர் கையில் இருந்தால் எதுவும் வேண்டாம்.